பட்டியலை நம்பாதீர்கள், பதிவேடு வையுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களிடம் "என்ன செய்கிறீர்கள் அதில்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். முதல் மாதம் பாட்டு. இரண்டாவது மாதம் படம். மூன்றாவது மாதம் பிள்ளைகள் கேம்ஸ் விளையாட ஆரம்பித்துவிடுவார்கள். அதன் பிறகு பெரியவர்களுக்கு இடமே இல்லை!

எக்ஸெல் என்று ஒரு புரோகிராம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை திறந்தும் பார்த்திருப்பார்கள். திரை முழுக்கக் கட்டங்கள். "இது கணக்குப் பிள்ளைகள் சமாச்சாரம்" என்று மூடிவிடுவார்கள். நான் சாஃப்ட்வேர் என்ஜினீயர். பி.இ. படிக்கும் காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். எக்ஸெல்லில் மார்க் ஷீட்டைத் தவிர வேறு என்ன போடுவது என்றே எனக்குத் தெரியாது.

அதை எனக்குப் புரிய வைத்தது ஒரு விளையாட்டு. கிரிக்கெட் இல்லை, அமெரிக்காவின் பேஸ்பால். அதிலும் நட்சத்திர வீரர்கள் இல்லை. அணியில் இப்போதுதான் சேர்க்கப்பட்டு, சின்னச் சின்ன ஊர்களில் ஆடிக்கொண்டிருக்கும் பையன்கள். "இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பேஸ்பால் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு விஷயத்தைப் பல வருடங்கள் பொறுமையாகக் கவனித்து எழுதிவைப்பது எப்படி, அதில் நாம் எங்கே ஏமாறுகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பக்கத்து இருக்கைக்காரரின் ஃபைல்

2023ஆம் வருடம் அலுவலக வேலையாக ஹூஸ்டன் நகரில் சில மாதங்கள் இருந்தேன். என் பக்கத்து இருக்கைக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் தீவிர ரசிகர். ஒரு நாள் மதிய இடைவேளையில் அவருடைய லேப்டாப்பில் ஒரு எக்ஸெல் ஃபைலைக் காட்டினார். 2009ஆம் வருடம் அந்த அணி புதிதாகத் தேர்ந்தெடுத்த வீரர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் தனித்தனி வரிகள். பதினான்கு வருடப் பதிவு!

அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன முன்னுரை தேவை.

மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் மொத்தம் 30. பள்ளி, கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களை இந்த அணிகள் வருடத்துக்கு ஒருமுறை முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1965இல் ஆரம்பித்த ஏற்பாடு இது. 2009இல் 50 சுற்றுகள் நடந்தன. 2021 முதல் 20 சுற்றுகள்தான். ஜூலை மாதத்தில் நடக்கிறது.

கிரிக்கெட் ஏலத்தில் எடுக்கப்பட்டவர் அடுத்த மாதமே டி.வி.யில் தெரிவார். இங்கே அப்படி இல்லை. தேர்வானவர் முதலில் மைனர் லீக் அணிகளுக்குப் போக வேண்டும். அங்கே படிகள் உண்டு. பயிற்சி மைதான ஆட்டங்கள், பிறகு சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. ஒவ்வொரு படியாக ஏறி மேஜர் லீக்கைத் தொடப் பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு வருடங்கள் ஆகும். பலர் வழியிலேயே நின்றுவிடுவார்கள்.

இந்தப் பையன்களைப் பற்றி ஒவ்வொரு வருடமும் 'முதல் 10', 'முதல் 30', 'முதல் 100' என்று பட்டியல்கள் வெளியாகும். ரசிகர்கள் ஆவலோடு படிப்பார்கள். அடுத்த வருடம் புதுப் பட்டியல் வந்ததும் பழையதை மறந்துவிடுவார்கள். பட்டியலுக்கும் பதிவேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பட்டியல் இன்றைக்கு யார் மேலே என்று மட்டும் சொல்லும். நேற்று அது என்ன சொன்னது, அது சரியாக இருந்ததா என்று சொல்லவே சொல்லாது. பதிவேடு சொல்லும்.

நான்கு பெயர்கள்

அந்த ஃபைலில் இருந்த வரிகளில் நான்கை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் வரி, ஜியோவானி மியர். பள்ளி மாணவர். முதல் சுற்றில், ஒட்டுமொத்தத்தில் 21ஆவது ஆளாக ஆஸ்ட்ரோஸ் அணி இவரை எடுத்தது. அந்த வருடத்தில் அணியின் பெரிய நம்பிக்கை இவர்தான்.

இரண்டாவது, ஆறாவது சுற்றில் வந்த கிகே ஹெர்னாண்டஸ். போர்ட்டோ ரிக்கோ பையன்.

மூன்றாவது, ஏழாவது சுற்றில் 221ஆவது ஆளாக வந்த டாலஸ் கைக்கல். அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் இடக்கைப் பந்து வீச்சாளர். இவருடைய வேகப்பந்து மணிக்கு 90 மைல் வாக்கில்தான் வரும். பேஸ்பாலில் இது சாதாரண வேகம்.

நான்காவது, இருபதாவது சுற்றில் 611ஆவது ஆளாக வந்த ஜே.டி. மார்ட்டினெஸ். பெரிய பல்கலைக்கழகம் எதிலும் ஆடியவர் அல்ல.

இந்த நால்வரில் யார் உயரத்துக்குப் போயிருப்பார்கள்? நீங்களே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் அன்றைக்கு எழுதியது முழுவதும் தவறு.

மியர் ஒரு நாள்கூட மேஜர் லீக்கில் ஆடவில்லை. கைக்கல் 2015இல் 20 வெற்றிகள் பெற்று, அமெரிக்கன் லீக்கின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை வாங்கினார். ஹெர்னாண்டஸ் வேறு அணிக்குப் போய், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுடன் 2020, 2024, 2025 ஆகிய மூன்று வருடங்களில் உலகத் தொடர் கோப்பையை வென்றார். மார்ட்டினெஸின் கதையைப் பிறகு சொல்கிறேன். அதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்.

இன்னொரு செய்தி. மியர் எடுக்கப்பட்டு நான்கு பேர் தள்ளி, 25ஆவது ஆளாக வேறொரு அணி எடுத்த பையனின் பெயர் மைக் டிரவுட். அவர் பின்னாளில் மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். ஆஸ்ட்ரோஸ் மட்டுமல்ல, அவரைத் தாண்டிப் போன அணிகள் பல. அத்தனை அணிகளிடமும் அனுபவசாலிகள் இருந்தார்கள். அத்தனை பேரிடமும் பட்டியல் இருந்தது.

உங்கள் கம்ப்யூட்டரில் எப்படி ஆரம்பிப்பது?

எக்ஸெல் இல்லையென்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. இணைய இணைப்பு இருந்தால் கூகுள் ஷீட்ஸும் போதும். எல்லாவற்றிலும் கட்டங்கள் ஒன்றுதான்.

ஏதாவது ஒரு அணியைத் தேர்ந்தெடுங்கள். அது கடைசியாக டிராஃப்டில் எடுத்தவர்களில் முதல் பத்துப் பேர் போதும். மைனர் லீக்கின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலும், பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற இணையதளத்திலும் ஒவ்வொருவரின் ஆட்டக் கணக்கையும் பணம் கட்டாமல் பார்க்கலாம்.

பெயர், சுற்று, பிறந்த தேதி, பார்த்த தேதி, ஆடும் ஊர், ஆடும் படி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நெடுவரிசை. பிறகு ஆட்டக் கணக்குகள். மட்டையாளர் என்றால் எத்தனை முறை ஆடினார், எத்தனை அடி கிடைத்தது என்று எழுதுங்கள். பந்து வீச்சாளர் என்றால் எத்தனை பேரை அவுட்டாக்கினார், எத்தனை ரன் கொடுத்தார் என்று எழுதுங்கள். கடைசியில் 'என்ன மாறியது?' என்று ஒரு நெடுவரிசை. இது ஏன் என்று பிறகு புரியும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பழைய வரியின் மேல் புது எண்ணை எழுதாதீர்கள். ஒவ்வொரு முறையும் கீழே புது வரி சேருங்கள். மேலே எழுதினால் அது பட்டியல். கீழே சேர்த்தால் அது பதிவேடு.

மூன்று பள்ளங்கள்

புதியவர்கள் விழுகிற மூன்று இடங்களைச் சொல்கிறேன். மூன்றிலும் நான் விழுந்து எழுந்தவன்.

ஒன்று. பந்து வீச்சாளரின் வெற்றி தோல்வியை இணையதளங்களில் 3-2 என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே கட்டத்தில் டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். எக்ஸெல் அதைத் தேதி என்று நினைத்துக்கொண்டு பிப்ரவரி 3 என்று மாற்றிவிடும்! சிரிக்காதீர்கள். மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையும் இப்படியே தேதியாக்கி விஞ்ஞானிகளையே பாடாய்ப்படுத்தியது. கடைசியில் 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். நமக்கு வழி சுலபம். வெற்றிக்கு ஒரு நெடுவரிசை, தோல்விக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்துவிடுங்கள்.

இரண்டு. பேஸ்பாலில் ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். ஒரு பந்து வீச்சாளர் ஐந்து இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் முடித்தால் 5.1 என்று எழுதுவார்கள். ஐந்தும் இரண்டு அவுட்டும் என்றால் 5.2. நம் கிரிக்கெட்டில் 5.1 ஓவர் என்று எழுதுவது போலத்தான். இப்போது எக்ஸெல்லிடம் 5.1, 5.2 இரண்டையும் கூட்டச் சொன்னால் 10.3 என்று சொல்லும். உண்மையில் 16 அவுட், 17 அவுட், மொத்தம் 33 அவுட். அதாவது சரியாக 11 இன்னிங்ஸ். இந்த இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து அவர் 4 ரன் கொடுத்திருந்தால், ஒன்பது இன்னிங்ஸுக்கான சராசரி 3.27. தவறான கூட்டலில் அது 3.50 ஆகிவிடும். கம்ப்யூட்டர் தவறு செய்யவில்லை. புள்ளிக்கு இந்த விளையாட்டில் வேறு அர்த்தம் என்று நாம் அதற்குச் சொல்லவில்லை. ஆகவே இன்னிங்ஸை எழுதாதீர்கள், அவுட்டை எழுதுங்கள்.

மூன்று. சராசரிகளுக்குச் சராசரி போடாதீர்கள். ஒரு பையன் ஒரு ஊரில் 10 முறை ஆடி 4 அடி அடித்தான், சராசரி 0.400. அடுத்த ஊரில் 90 முறை ஆடி 18 அடி, சராசரி 0.200. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.300 வரும். பேஸ்பாலில் அது நல்ல மட்டையாளரின் கணக்கு. ஆனால் உண்மை என்ன? 100 முறையில் 22 அடி. 0.220! வேலையே போய்விடும் கணக்கு. அதனால்தான் சராசரியை எழுதாமல் முறைகளையும் அடிகளையும் எழுதச் சொன்னேன். சராசரியை எக்ஸெல் கணக்கிடட்டும்.

இந்த மூன்றையும் எந்தப் புத்தகத்தில் படித்தாலும் ஒரு வாரத்தில் மறந்துபோகும். நமக்குப் பிடித்த ஒரு பையனின் கணக்கு தவறாகிப் போனால் மறக்காது.

எண் சரி, ஆள் மாறிவிட்டார்

இப்போது மார்ட்டினெஸுக்கு வருவோம்.

2010இல் மியரும் மார்ட்டினெஸும் ஒரே ஊரில், கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் அணியில் ஆடினார்கள். சிங்கிள் ஏ படி. மார்ட்டினெஸின் சராசரி 0.362. அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. மியரின் சராசரி 0.235.

அப்படியானால் அணி அப்போதே மார்ட்டினெஸைக் கொண்டாடியிருக்க வேண்டாமா? இங்கேதான் வயது என்ற நெடுவரிசை குறுக்கே வருகிறது. சீசன் தொடங்கும்போது மியருக்கு 19 வயது. மார்ட்டினெஸுக்கு 22. "சின்னப் பையன், போகப் போகச் சரியாகிவிடுவான்" என்று ஒருவரைப் பற்றியும், "கல்லூரி முடித்தவர், சின்னப் பையன்களை அடித்து வாங்கிய சராசரிதானே?" என்று இன்னொருவரைப் பற்றியும் பேசினார்கள். வயதைப் பார்ப்பது சரியான வழக்கம்தான். பொதுவாக அது நல்ல வழிகாட்டி. இந்த இருவர் விஷயத்தில் அது கைவிட்டது. ஒரு நெடுவரிசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது தீர்ப்பு ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மார்ட்டினெஸ் 2011இல் மேஜர் லீக்குக்கு ஏறினார். 2012இல் சராசரி 0.241. 2013இல் 0.250, ஏழே ஹோம் ரன்கள். சுமார்தான். 2013ஆம் வருட முடிவில் அவர் உட்கார்ந்து தன் பழைய வீடியோக்களையும், நன்றாக அடிக்கும் மற்ற வீரர்களின் வீடியோக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மட்டை வீசும் முறையையே அடியோடு மாற்றிக்கொண்டார். கலிபோர்னியாவில் தனியார் பயிற்சியாளர்களிடம் போனார். வெனிசுலாவின் குளிர்கால ஆட்டங்களில் புது முறையைச் சோதித்தார்.

2014 மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களில் ஆஸ்ட்ரோஸ் அவருக்குக் கொஞ்சம் வாய்ப்பே கொடுத்தது. அந்த மாதமே அணியிலிருந்து விடுவித்துவிட்டது. இத்தனைக்கும் அது என்ன அணி? புள்ளிவிவர நிபுணர்களை வேலைக்கு வைத்து, எந்த முடிவையும் கம்ப்யூட்டர் கணக்கைப் பார்த்தே எடுப்பதில் பெயர் வாங்கிய அணி! அவரை டெட்ராய்ட் டைகர்ஸ் எடுத்துக்கொண்டது. அதே வருடம் அங்கே சராசரி 0.315, 23 ஹோம் ரன்கள். 2017இல் 45 ஹோம் ரன்கள். 2018இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக 0.330 சராசரியும் 43 ஹோம் ரன்களும், கூடவே உலகத் தொடர் கோப்பையும். அவரை விட்டது தவறு என்று ஆஸ்ட்ரோஸின் பொது மேலாளரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அவர்கள் வைத்திருந்த எண்களில் ஒரு தவறும் இல்லை. 0.241, 0.250 இரண்டும் உண்மையான எண்கள். ஆனால் அவை பழைய மார்ட்டினெஸின் எண்கள். புது மார்ட்டினெஸுக்கு இன்னும் எண்ணே பிறக்கவில்லை. எண்கள் எப்போதும் நேற்றையவை. ஆள் இன்றைக்கு மாறியிருக்கலாம்.

'என்ன மாறியது?' என்ற நெடுவரிசை எதற்கு என்று இப்போது புரிகிறதா? "மட்டை பிடிக்கும் முறை மாற்றம்", "கையில் காயம், இரண்டு மாதம் ஓய்வு", "புதிய வகைப் பந்து கற்கிறார்" என்று செய்திகளில் படிப்பதை அதில் எழுதுங்கள். அதற்குக் கூட்டல் கிடையாது, சராசரி கிடையாது. என் கருத்தில் மொத்த ஒர்க் ஷீட்டிலும் மிக மதிப்புள்ள கட்டங்கள் அவைதான். பக்கத்து இருக்கைக்காரரின் ஃபைலில் 2014 மார்ச் மாத வரிக்கு எதிரே அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "விடுவிக்கப்பட்டார். வீசும் முறையை மாற்றியிருப்பதாகச் சொல்கிறார். பார்க்கலாம்." அந்தப் 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லுக்கு அவரிடம் கட்டம் இருந்தது. அணியிடம் இல்லை.

கைக்கல் விஷயத்திலும் இதே பாடம்தான், ஆனால் முடிவு வேறு. 2012இல் அவர் மேஜர் லீக்குக்கு வந்தபோது ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.27 ரன் கொடுத்தார். 2013இல் 5.15. இது குறையக் குறைய நல்லது. ஐந்துக்கு மேல் போனால் இடம் நிலைப்பது கடினம். அந்த வருடங்களில் ஆஸ்ட்ரோஸ் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்த அணி. 2013இல் மட்டும் 111 தோல்வி. ஆகவே கைக்கலுக்குப் பந்து வீச வாய்ப்பு தொடர்ந்து கிடைத்தது. 2014இல் 2.93. 2015இல் 2.48, விருதும் கூடவே. ஒருவருக்கு வாய்ப்பு நீண்டது, ஒருவருக்கு நீளவில்லை. எண்களை மட்டும் பார்த்திருந்தால் 2013இன் முடிவில் இருவரையுமே கழித்துக் கட்டியிருப்போம்.

நான் அழித்த வரிகள்

ஊர் திரும்பியதும் நானும் ஒரு ஃபைல் ஆரம்பித்தேன். ஒரு அணியின் 2023ஆம் வருடத் தேர்வில் முதல் பன்னிரண்டு பேர். ஆறேழு மாதம் நன்றாகப் போனது. 2024இல் மூன்று பேரின் எண்கள் படுமோசமாக இருந்தன. "இவர்கள் தேறமாட்டார்கள், ஃபைல் நீளமாகிக்கொண்டே போகிறது" என்று அந்த மூவரின் வரிகளையும் அழித்து சேவ் செய்துவிட்டேன். பேக்கப்பும் எடுத்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர்தான் தொழில், ஆனாலும் பேக்கப் இல்லை!

அடுத்த வருடம் அவர்களில் ஒருவர் டபுள் ஏ படிக்கு ஏறியிருப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். எண்களை இணையதளத்திலிருந்து மறுபடி எடுத்துவிட்டேன். ஆனால் நான் எழுதிய குறிப்புகள் போனது போனதுதான். அவர் எப்போது, எதை மாற்றினார் என்று நான் கவனித்து எழுதிய வரிகள் வேறு எங்கும் கிடைக்காதவை. அதைவிட எனக்கு உறைத்தது வேறு. அவர் முடிந்துபோனவர் என்று முடிவு செய்தது யார்? ஆறு மாத எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு பட்டனைத் தட்டிய நான்தான். கல்லூரியில் முதல் கேம்பஸ் இன்டர்வியூவில் தேறாத என் வகுப்பு நண்பர்களைப் பற்றி அன்றைக்குப் பேசியவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இதற்குப் பெரிய உதாரணமே ஆஸ்ட்ரோஸிடம் இருக்கிறது. 2013இல் நாட்டிலேயே முதல் ஆளாக அவர்கள் எடுத்தது மார்க் அப்பெல் என்ற பந்து வீச்சாளரை. அவருக்கு அடுத்து வேறு அணி எடுத்த கிரிஸ் பிரையண்ட் 2016இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் ஆனார். அப்பெல் மைனர் லீக்கிலேயே தடுமாறினார். காயங்கள். வேறு அணிக்கு மாற்றினார்கள். 2018இல் ஆட்டத்தையே விட்டு விலகினார். எல்லாப் பட்டியல்களும் அவரை எப்போதோ மறந்துவிட்டன. 2021இல் அவர் திரும்பி வந்தார். 2022 ஜூன் 29 அன்று பிலடெல்பியா பில்லீஸ் அணிக்காக மேஜர் லீக்கில் முதல் முறையாகப் பந்து வீசினார். அப்போது அவருக்கு 30 வயது. 2018இலேயே வரியை அழித்தவர்களுக்கு அந்த நாளின் அருமை தெரிந்திருக்காது.

ஊர்களும் இப்படித்தான். 2021இல் மைனர் லீக்கைச் சுருக்கி, 30 அணிகளுக்குத் தலா நான்கு என்று 120 ஊர் அணிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மியரும் மார்ட்டினெஸும் ஆடிய லெக்சிங்டன் அப்போது அந்த அமைப்பிலிருந்து வெளியேறியது. பழைய வரிகளில் ஊர்ப் பெயர் இருந்தால்தான் அந்தப் பழைய பாதை தெரியும்.

"இணையத்தில்தான் எல்லாம் இருக்கிறதே!"

நண்பர்கள் கேட்பது இது. "எண்களை இணையதளமே வைத்திருக்கிறது. ஏ.ஐ.யைக் கேட்டால் நிமிடத்தில் சுருக்கம் சொல்லும். கையால் டைப் செய்வது வீண் வேலை அல்லவா?"

நியாயமான கேள்வி. எண்கள் அங்கே இருக்கின்றன, மறுக்கவில்லை. ஏ.ஐ.யும் நன்றாகத்தான் பேசுகிறது. ஆனால் பிரபலமாகாத ஒரு மைனர் லீக் பையனைப் பற்றிக் கேட்டால், சில சமயம் இல்லாத எண்ணையும் உறுதியான குரலில் சொல்லிவிடுகிறது. அதிகாரப்பூர்வக் கணக்கோடு ஒப்பிடாமல் அதை உங்கள் கட்டத்தில் ஏற்றாதீர்கள்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இணையதளம் அந்தப் பையனின் கணக்கை வைத்திருக்கிறது. நீங்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்ற கணக்கை அது வைத்திருக்காது. "இவர் தேறுவார்", "இவர் தேறமாட்டார்" என்று இன்றைய தேதி போட்டு எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துப் படியுங்கள். எத்தனை முறை தப்பாகச் சொன்னோம் என்று தெரியும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் நல்லது. அடுத்த முறை ஆறு மாத எண்ணைப் பார்த்து ஒருவரை எடைபோடும் முன் கை தயங்கும்.

ஏனென்றால் அந்த வரிகள் வெறும் எண்கள் அல்ல. 18, 19 வயதில் வீட்டை விட்டு வந்து, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடும் பிள்ளைகள். 2022 வரை பயிற்சி மைதானப் படியில் ஆடியவருக்கு வருடத்துக்குக் கிடைத்த குறைந்தபட்சச் சம்பளம் 4,800 டாலர். டபுள் ஏயில் 13,800 டாலர். அமெரிக்காவில் இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. மைனர் லீக் வீரர்களுக்கென்று முதன்முதலாக 2023இல் தொழிற்சங்க ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது முறையே 19,800, 30,250 டாலர்களாக உயர்ந்தது. முதல் சுற்றில் வந்தவருக்குப் பெரிய முன்தொகை கிடைத்திருக்கும். இருபதாவது சுற்றில் வந்தவர் அந்தச் சம்பளத்தில்தான் காலம் தள்ளினார். அப்படிப்பட்ட ஒருவரின் வரியை டெலீட் பட்டனால் அழிக்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

ஆரம்பிக்கும் முன்

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வருடத்தையும் சேர்த்து வையுங்கள். தலைப்பு வரி எப்போதும் தெரியும்படி மேலே நிலைநிறுத்தும் வசதி வியூ மெனுவில் இருக்கிறது. வரிகள் நூறைத் தாண்டும்போது அதன் அருமை தெரியும். மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுங்கள். ஆட்டத்தை விட்டு விலகியவரின் வரிக்கு வேறு நிறம் கொடுங்கள். அழிக்க மட்டும் வேண்டாம்.

பத்துப் பெயர்கள், பத்துப் பன்னிரண்டு நெடுவரிசைகள், இரண்டு வாரத்துக்கு அரை மணி நேரம். இரண்டு வருடத்தில் எக்ஸெல் உங்களுக்குப் பழகிவிடும். எந்த வகுப்புக்கும் போகத் தேவையிருக்காது. பத்தில் எத்தனை பேர் மேலே போவார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இப்போது அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். என் ஃபைலில் அந்த நெடுவரிசையில் பாதிக் கட்டங்களில் ஒரே சொல்தான் இருக்கிறது.

பார்க்கலாம்.